வில்லாக்கில் பிரிந்த ரயில்

நாற்பத்தொன்றாம் இருக்கையில் எல்லாம் இருந்தது, ஹிமேனாவைத் தவிர.

தலைக்கு மேல் தட்டில் அவளுடைய பச்சை முதுகுப்பை இருந்தது. கொக்கியில் மழைச்சட்டை தொங்கியது. சன்னலோரப் பலகையில் வெந்நீர்க் குடுவையும், மாட்டே என்ற தென்னமெரிக்கத் தேயிலை போட்ட சுரைக்குடுக்கையும் இருந்தன. டெல்ஃபின் குடுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறவில்லை. எழுந்து போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆனால் எங்கே போயிருப்பாள்? உருகுவேக்காரி ஒருத்தி குடுவையை விட்டுவிட்டு எங்கும் போகமாட்டாள். சால்ஸ்பர்க் விடுதியில் ஒன்பது நாள் ஒரே அறையில் இருந்ததில் டெல்ஃபின் இதை நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தாள். மலை ஏறினாலும் ஹிமேனாவின் அக்குளில் குடுவை இருக்கும். குளிக்கப் போனாலும் இருக்கும். “கையில குழந்தை மாதிரி தூக்கிக்கிட்டு அலையறியே, இதுக்குப் பேர் வச்சாச்சா?” என்று டெல்ஃபின் ஒருமுறை கேட்டாள். “வச்சாச்சு, டெல்ஃபின்னுதான். அதுவும் உன்னை மாதிரி சீக்கிரம் சூடாயிடும்” என்று பதில் வந்தது.

டெல்ஃபின் பெட்டியின் இரண்டு முனைகளுக்கும் போய்க் கழிப்பறைகளைப் பார்த்தாள். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. அதாவது உள்ளே ஆள் இல்லை. அதற்குள் ரயில் வில்லாக் நிலையத்தை விட்டு நகர்ந்து வேகம் பிடித்திருந்தது. சன்னலுக்கு வெளியே மரம் அறுக்கும் ஆலை ஒன்று ஓடி மறைந்தது.

அவளுக்கு ஹிமேனா வேண்டியிருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், ஹிமேனாவின் சாப்பாட்டுப் பை வேண்டியிருந்தது. அது மட்டும் அங்கே இல்லை.

விடுதிச் சமையலறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே குளிர்பெட்டி. அதில் வைக்கிற எதற்கும் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டாததை மறுநாள் எடுத்துப் பொதுத் தட்டில் போட்டுவிடுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாள் பயணம் என்பதால் டெல்ஃபினும் ஹிமேனாவும் ஒரே பையில் வைத்தார்கள்: ‘டெல் + ஹிமே, ஆகஸ்ட் 15’. ஹிமேனாவின் பாலாடைக்கட்டிக்குக் கீழே டெல்ஃபினின் நீலப் பை இருந்தது. அதில் இரண்டு இன்சுலின் பேனாக்கள். பயன்படுத்திக்கொண்டிருக்கிற பேனாவுக்குக் குளிர்பெட்டி தேவையில்லைதான். ஆனால் அந்த வாரம் வெயில் கொளுத்தியதில் படுக்கை அறையே அடுப்பாகிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் உள்ளே வைத்திருந்தாள்.

காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு, பேனாவைத் திரும்பக் குளிரில் வைத்தாள். பத்து மணிக்கு இன்னொரு ஊசி போட வேண்டும். அது நாள் முழுவதற்குமான அடிப்படை ஊசி. மூட்டை கட்டும் அவசரத்தில் ‘ரயிலில் ஏறிப் போட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டாள். ஏறிய பிறகு தூங்கிப்போனாள். வில்லாக்குக்குள் ரயில் நுழையும்போது விழித்து, பசியில் ஜாம் தடவிய ரொட்டி இரண்டு தின்றுவிட்டு, பைக்குள் கையை விட்டாள். நீலப் பை இல்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: காலையில் குளிர்பெட்டியைக் காலி செய்தது ஹிமேனா. அத்தனையையும் அப்படியே தன் துணிப்பையில் கவிழ்த்துக்கொண்டிருப்பாள்.

வில்லாக்கில் ரயில் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். போதுமான நேரம் என்று எண்ணி, டெல்ஃபின் தன் மூட்டையை இருக்கையிலும், போனைச் சன்னலடியில் மின்னேற்றத்திலும் விட்டுவிட்டு இறங்கி, நடைமேடையில் முன்பக்கம் ஓடினாள். இருவரும் இருக்கை பதிவு செய்தபோது ஹிமேனாவுக்கு முன்கோடியிலும் இவளுக்குப் பின்கோடியிலும் கிடைத்திருந்தது.

இப்போது, நடந்தே தன் பெட்டிக்குத் திரும்பலாம், ஒருவேளை வழியில் ஹிமேனா எதிர்ப்படுவாள் என்று பின்பக்கம் நடந்தாள். ஒரு பெட்டியைக் கடந்தாள். இன்னொன்றைக் கடந்தாள். மூன்றாவது பெட்டியின் கடைசிக் கதவை அடைந்தபோது அது திறக்கவில்லை. கதவின் கண்ணாடி வழியே அடுத்த பெட்டி தெரியவில்லை. தண்டவாளம் மட்டும் தெரிந்தது. இரண்டு கோடுகள், வேகமாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

அவளுடைய பெட்டி எங்கே?

சால்ஸ்பர்க்கில் ஏறும்போது இந்த ரயிலுக்கு ஒன்பது பெட்டி. அவள் எண்ணியிருந்தாள். இப்போது நான்குதான் இருந்தன. கை தானாகக் கதவுப் பிடியை இன்னொருமுறை அழுத்தியது.

“அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லைங்க. இதோட முடிஞ்சுது” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“முடியலை. இன்னும் அஞ்சு பெட்டி இருந்துது. என் சாமான் அதுல இருக்கு.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க எங்க போறீங்க?”

“லூப்லியானா.”

“ஐயோ. இது க்ளாகன்ஃபர்ட் போற பாதிங்க.”

லோரென்ஸ் என்பது அவர் பெயர். குழந்தை விழிக்காதபடி மெதுவாகச் சொன்னார். இந்த ரயில் வில்லாக் வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. முன்பாதி நேராக ஏரிக்கரையோடு க்ளாகன்ஃபர்ட் போகும். பின்பாதிக்கு அங்கே வேறு எஞ்சின் மாட்டுவார்கள். அது தெற்கே திரும்பி மலைச்சுரங்கத்துக்குள் புகுந்து ஸ்லோவேனியா போகும். அதற்காகத்தான் பன்னிரண்டு நிமிடம் நிற்பது. எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் சின்னப் பலகையில் எழுதியிருக்கும்.

“நாங்க எல்லாம் ஏறும்போதே அதைத்தான் பார்ப்போம். நீங்க சீட் நம்பரைப் பார்த்திருப்பீங்க.”

ஆமாம். பயணச்சீட்டுகளில் ரயில் எண்ணும் நேரமும் ஒன்றாக இருந்ததால், ஒரே ரயில், பிறகு யாரோ எங்கோ மாறப்போகிறார்கள் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். விடைபெற்றுக்கொள்வதை சால்ஸ்பர்க் நடைமேடையிலேயே முடித்துவிட்டார்கள். விடுதிக்காரர்களுக்குப் பிரிவு பழகிப்போன விஷயம். அந்த ஒன்பது நாளில் அறையில் இருந்த ஆறு பேரும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். புசானிலிருந்து வந்த தேஹுன், டண்டீக்காரன் ஃபெர்கஸ், எல்லோரும் ஒரு கட்டிப்பிடிப்போடு சரி. அழுகை இல்லை, பின்னால் ஓடிக் கையசைப்பது இல்லை. டெல்ஃபினும் ஹிமேனாவும் அப்படியேதான் செய்தார்கள். செய்துவிட்டுத் தன் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் டெல்ஃபினுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஊரை விட்டு வந்து இரண்டு மாதத்தில் முதல்முறையாக, தனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த ஒருவரும் இனிப் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. மயங்கி விழுந்தால் வாயில் என்ன வைக்க வேண்டும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இன்றிரவு லூப்லியானாவில் அடுத்த கட்டிலில் படுக்கிறவருக்குத் தெரியாது.

அந்தப் பயத்தோடுதான் தூங்கிப்போனாள். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்து நின்றது.

“உங்க முகமே சரியில்லையே. உட்காருங்க” என்றார் லோரென்ஸ்.

உட்கார்ந்தாள். முதலில் மணியைக் கணக்கிட்டாள். இப்போது ஒன்று அடிக்கப் பத்து நிமிடம். நேற்றுக் காலை பத்து மணிக்குப் போட்ட அடிப்படை ஊசி இருபத்துநான்கு மணி நேரம் தாங்கும். அது முடிந்து மூன்று மணி ஆகப்போகிறது. மேலே இரண்டு ரொட்டியும் ஜாமும். இன்சுலின் இல்லாத உடம்பு எப்படி வேலை செய்யும் என்பது அவளுக்கு மனப்பாடம். இரத்தத்தில் சர்க்கரை குவியும், ஆனால் தசைக்குள் அது நுழையக் கதவு திறக்காது. பட்டினி என்று நினைத்து உடம்பு கொழுப்பை எரிக்கும். எரித்த கழிவு இரத்தத்தைப் புளிக்கவைக்கும். பதினாறு வயதில் பள்ளி முகாமில் ஒருநாள் ஊசி தவறியது. அன்று மாலையே வாந்தி, இரவில் நினைவில்லை, கனடாவில், ஹாலிஃபாக்ஸ் மருத்துவமனையில் மூன்று நாள். நான்கு மணி வரை சமாளிக்கலாம். ஆறு மணிக்கு மேல் தன்னால் தனக்காகப் பேச முடியாது.

கையில் ஒட்டியிருந்த உணரி சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும். போன் இங்கே இல்லை. ஆகவே அளவும் தெரியாது.

டிக்கெட் பரிசோதகர் வந்தார், ஐம்பது வயதுப் பெண்மணி. லோரென்ஸே எல்லாவற்றையும் சொன்னார்.

“நீங்கதான் இந்த வருஷத்துல எனக்கு ஏழாவது ஆள். போன வாரம் ஒருத்தர் கல்யாண மாப்பிள்ளை, பொண்ணு அந்தப் பாதியில” என்றார் அவர். பிறகு ‘இன்சுலின்’ என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. “ஆம்புலன்ஸ் வரச் சொல்லட்டுமா?”

“வேண்டாம், மருந்து கிடைச்சா போதும். மருந்துக் கடை இருக்கா?”

“இன்னிக்கு மாதா திருநாள். எல்லாம் பூட்டு. முறைக்கு ஒரு கடை திறந்திருக்கும், ஆனா சீட்டு கேட்பான். சீட்டு இருக்கா?”

மருந்துச்சீட்டு, கடவுச்சீட்டு, பணம் எல்லாம் பின்பாதியில் ஸ்லோவேனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

“உங்க தோழி எங்க? அவங்க பைதானே மேல இருக்கு?” என்று பரிசோதகர் கேட்டார்.

அந்தக் கேள்வியை டெல்ஃபின் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஆனால் பதில் தேடவில்லை. இப்போது தேடினாள். குடுவையைக் கூட எடுக்காமல் ஓடும் அளவுக்கு ஹிமேனாவுக்கு என்ன அவசரம் வந்திருக்கும்? ஒன்றுதான் வந்திருக்க முடியும். மாட்டேயோடு தின்பதற்குத் துணிப்பையைத் திறந்து பாலாடைக்கட்டியை எடுத்திருப்பாள். அடியில் நீலப் பையைப் பார்த்திருப்பாள். துணிப்பையோடு அப்படியே எடுத்துக்கொண்டு ரயிலின் உட்புற வழியாகப் பின்கோடிக்கு ஓடியிருப்பாள். அதே நேரத்தில் டெல்ஃபின் வெளிப்புறமாக முன்கோடிக்கு ஓடிவந்தாள். ஒரு தகரச் சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பேர், எதிரெதிர்த் திசையில்.

“அவ என் சீட்ல இருக்கா. என் மருந்தோட” என்றாள் டெல்ஃபின்.

“அப்ப அவங்களைக் கூப்பிடுங்க. என் போனை எடுத்துக்கோங்க” என்றார் லோரென்ஸ்.

“அவ நம்பர் எனக்குத் தெரியாது. என் போன்லதான் இருக்கு.”

“உங்க நம்பர் தெரியுமா?”

“என் நம்பர் தெரிஞ்சு என்ன செய்ய? போன்தான் என்கிட்ட இல்லையே—” என்று தொடங்கி நிறுத்தினாள். போன் தன்னிடம் இல்லை. ஆனால் அது ஹிமேனாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூட்டிய போனைத் திறக்கத்தான் ரகசிய எண் வேண்டும். வருகிற அழைப்பை எடுக்க யாருக்கும் எதுவும் வேண்டாம்.

கனடா எண்ணைத் தட்டினாள். விரல் இரண்டு முறை தவறியது. மணி போனது. ஏழாவது மணியில் எடுத்தார்கள்.

“ஹலோ? இது டெல்ஃபின் போன். அவ பாத்ரூம்ல இருக்கா போல.”

“ஹிமே, நான்தான்.”

“எங்கடி தொலைஞ்சே? கால் மணி நேரமா உன் சீட்ல உட்கார்ந்திருக்கேன். உன் மருந்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா ஆளைக் காணோம். ராணியம்மா எங்க உலாப் போயிருக்கீங்க?”

“நான் உன் சீட்ல இருக்கேன்.”

“சரி, அப்ப இரு, வர்றேன்.”

“வர முடியாது. ரயில் ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு. நீ லூப்லியானா போயிட்டிருக்கே.”

மறுபக்கத்திலிருந்து ஸ்பானிய மொழியில் ஏதோ கெட்ட வார்த்தை கேட்டது. “நீ பத்து மணி ஊசி போட்டியா இல்லையா? உண்மையைச் சொல்லு.”

“போடலை.”

“கடவுளே. சரி, கேளு. நான் இறங்கித் திரும்பி… இல்லை, உனக்கு அங்க ரூம் இருக்கில்ல, நீ லூப்லியா—”

ஒலி கரகரத்து அறுந்தது. மீண்டும் அழைத்தாள். மணியே போகவில்லை.

“சுரங்கம்” என்றார் பரிசோதகர். “எட்டு கிலோமீட்டர். உள்ளே சிக்னல் கிடையாது. வெளிய வந்தா ஜெசெனீட்செ, அந்தப் பக்கத்து முதல் ஸ்டேஷன். நமக்கு இன்னும் அஞ்சு நிமிஷத்துல வெல்டன். அங்க இறங்கினா வில்லாக் திரும்ப உள்ளூர் வண்டி இருக்கு. நான் சீட்டு எழுதித் தர்றேன், யாரும் கேட்க மாட்டாங்க. அந்தப் பாதி ஊழியர்களுக்கும் சொல்லிப் பார்க்கிறேன். ஆனா எல்லை தாண்டினா ஆட்கள் மாறுவாங்க, உடனே கிடைக்கும்னு சொல்ல முடியாது.”

டெல்ஃபினின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தாகம். அது பயத்தில் வந்த தாகமா, சர்க்கரையில் வந்த தாகமா என்று பிரித்தறிய முடியாததுதான் பெரிய கொடுமை.

ஹிமேனா என்ன செய்வாள்? ‘இறங்கித் திரும்பி’ என்று தொடங்கினாள். பிறகு ‘நீ லூப்லியானா’ என்றாள். வா என்று சொல்ல வந்தாளா? அப்படியானால் அவள் லூப்லியானாவில் காத்திருப்பாள். பரிசோதகர் சொன்னபடி, வில்லாக்கிலிருந்து அங்கே நேராகப் போகிற அடுத்த ரயில் மாலை ஏழுக்குத்தான். ஒருவேளை ஜெசெனீட்செயில் இறங்கித் திரும்புகிறாள், தன் பையும் அறையும் இருக்கிற க்ளாகன்ஃபர்ட்டுக்கே நேராகப் போகிறாள் என்றால்? டெல்ஃபின் அங்கே போக வேண்டும். ஆனால் டெல்ஃபின் தன்னைத் தேடி வருகிறாள் என்று நினைத்து ஹிமேனா ஜெசெனீட்செயிலேயே நின்றுவிட்டால்? நான்கு ஊர், இரண்டு பேர். ஒவ்வொருத்தியும் மற்றவள் எங்கே போவாள் என்று ஊகித்து, அந்த ஊகத்தை மற்றவளும் ஊகிப்பாள் என்று மறுபடி ஊகித்து, கடைசியில் அந்த எட்டு கிலோமீட்டர் இருட்டில் எதிரெதிர் ரயிலில் ஒருவரையொருவர் கடந்துபோவார்கள். சற்று முன் ஒரு தகரச் சுவர். இப்போது ஒரு மலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இருவரும் ஓடியதால்தான் தவறவிட்டார்கள். யாராவது ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

லோரென்ஸின் போனை மறுபடி வாங்கினாள். தன் எண்ணுக்குச் செய்தி எழுதினாள். சுரங்கத்தில் இருக்கிற போனுக்குப் பேச்சு போகாது. ஆனால் எழுத்து காத்திருந்து, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். பூட்டிய திரையிலும் அது தெரியும். ‘வில்லாக்குக்கு வா’ என்று எழுதினாள். அழித்தாள். அது போதாது. வந்து பார்க்கும்போது ஆள் இல்லையென்றால் ஹிமேனா நிற்கமாட்டாள், தேடிக் கிளம்பிவிடுவாள். தான் எங்கே இருப்பாள் என்பதைவிட, அங்கிருந்து போகமாட்டாள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

‘ஜெசெனீட்செல இறங்கு. என் மூட்டை, மருந்து எல்லாத்தையும் எடுத்துக்கோ. வில்லாக் வர்ற முதல் வண்டியில ஏறு. நான் வில்லாக்ல, நம்ம ரயில் நின்ன அதே மேடையில, கடிகாரத்துக்குக் கீழ உட்கார்ந்திருப்பேன். எத்தனை மணி ஆனாலும் நகர மாட்டேன். நகர மாட்டேன். டெல்.’

அனுப்பினாள். பக்கத்தில் ஒரு சின்னக் குறி விழுந்தது. போய்ச் சேர்ந்தால் இரண்டாவது குறி விழும். அது விழவில்லை.

ரயில் வெல்டனில் நின்றது. குறி ஒன்றுதான்.

“நீங்க இறங்குங்க. பதில் வந்தா பரிசோதகர் அம்மாகிட்ட சொல்றேன், அவங்க வில்லாக் ஸ்டேஷனுக்குச் சொல்லுவாங்க” என்றார் லோரென்ஸ். குழந்தையின் தண்ணீர்ப் புட்டியை அவள் கையில் திணித்தார். “வச்சுக்கோங்க, வாத்துப் படம் போட்டிருக்குன்னு வெட்கப்படாதீங்க.”

பரிசோதகர் சீட்டின் பின்புறத்தில் இரண்டு வரி எழுதி, ஒரு நாடா கோத்துக் கொடுத்தார். “இதைக் கழுத்துல மாட்டிக்கோங்க. உங்களுக்கு என்ன நோய்னு ஜெர்மன்ல எழுதியிருக்கேன். நாலு மணிக்கு அந்தப் பொண்ணு வரலைன்னா யார்கிட்டயாவது காட்டுங்க. வீம்பு பண்ணாதீங்க.”

ஹிமேனாவின் பச்சைப் பையையும் குடுவையையும் சுமந்துகொண்டு, உள்ளூர் வண்டியில் வில்லாக் வந்து, கடிகாரத்துக்குக் கீழே டெல்ஃபின் உட்கார்ந்தபோது மணி ஒன்று ஐம்பது.

பயப்படுகிறவருக்கு உட்கார்ந்திருப்பதைப் போலக் கடினமான வேலை வேறில்லை. புட்டியை மூன்று முறை நிரப்பினாள், குழாய் அதே மேடையில் இருந்ததால். சிறுநீர் முட்டியது, கழிப்பறை கீழே சுரங்கப்பாதையில். போகவில்லை. இரண்டரை மணிக்குக் கண் மங்கியது. எதிர் மேடையின் விளம்பர எழுத்துகள் கூடிக் கூடிக் கலைந்தன. அவள் இருபது வரை எண்ணினாள், பிரெஞ்சில் எண்ணினாள், மறுபடி ஆங்கிலத்தில். எண்ண முடிகிறது, ஆகவே இன்னும் நேரம் இருக்கிறது. ஊதிப் பார்த்தாள். மூச்சில் அழுகிய பழவாசனை வந்தால் இரத்தம் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தன் மூச்சைத் தானே முகர முடியாது என்பது தெரிந்தும் திரும்பத் திரும்ப ஊதினாள்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு எதிர் மேடையில் ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. பலகையில் ‘ஜெசெனீட்செ’ என்று இருந்தது.

எழுந்துவிட்டாள். கால் தானாக இரண்டு அடி வைத்தது. முக்கால் மணி நேரத்தில் அங்கே இருக்கலாம். ஹிமேனா அங்கேயே நின்றுவிட்டிருந்தால்? செய்தி போயே சேரவில்லை என்றால்? இங்கே உட்கார்ந்து நான்கு மணியைப் பார்ப்பதைவிட அவளை நோக்கிப் போவது நல்லதல்லவா? மருந்து அந்தப் பக்கம் இருக்கிறது என்று உடம்பு முழுவதும் இழுத்தது. வண்டியின் கதவுகள் திறந்தே இருந்தன. உள்ளே இருக்கைகள் காலியாக இருந்தன.

நகர மாட்டேன் என்று இரண்டு முறை எழுதியிருந்தாள். ஹிமேனா அதைப் படித்திருந்தால், அதை நம்பித்தான் ஏதோ ஒரு வண்டியில் உட்கார்ந்திருப்பாள். படிக்காவிட்டால், எங்கே போனாலும் அவளைக் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டில் எதுவானாலும் இந்த வண்டியில் ஏறுவதால் பயனில்லை. யோசித்தால் இவ்வளவு தெளிவாக இருந்தது. ஆனால் கால்கள் யோசிக்கவில்லை. கடிகாரக் கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு நின்றாள். கதவுகள் மூடின. வண்டி போயிற்று. அதன் கடைசி விளக்கு வளைவில் மறைந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.

மூன்று மணி. மூன்று பத்து. கழுத்தில் தொங்கிய சீட்டைத் திருப்பி முன்னால் விட்டுக்கொண்டாள், யாராவது படிக்கட்டும் என்று. இரண்டு மேடை தள்ளி ஒரு காவலர் நடந்துகொண்டிருந்தார். நாலு மணி வரை தாங்காது, அவரைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

மூன்று இருபத்தொன்றுக்குத் தெற்கிலிருந்து ஒரு ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. மிதிவண்டியோடு இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு பாதிரியார் இறங்கினார். பிறகு யாரும் இல்லை. டெல்ஃபின் கம்பத்தோடு சரிந்து கீழே உட்கார்ந்தாள்.

“ஏய். ஏய், சர்க்கரைக்காரி.”

கடைசிக் கதவிலிருந்து ஹிமேனா ஓடிவந்தாள். முதுகில் டெல்ஃபினின் மூட்டை, தோளில் துணிப்பை, நெஞ்சோடு அணைத்தபடி நீலப் பை. வந்த வேகத்தில் முழங்காலிட்டு, டெல்ஃபினின் விரலை வைத்து அவள் போனைத் திறந்து, கையில் ஒட்டியிருந்த உணரிக்குப் பக்கத்தில் பிடித்தாள். திரையில் எண் வந்தது. பத்தொன்பது. கனடாக் கணக்கில் இருக்க வேண்டியது ஆறு.

“எவ்வளவு போடணும்? சொல்லு. நீயே சொல்லு, நான் டாக்டர் இல்லை.”

டெல்ஃபின் சொன்னாள். கண் மங்கலாக இருந்ததால் பேனாவின் எண்ணை ஹிமேனா திருப்பினாள், ஊசியை டெல்ஃபின் குத்திக்கொண்டாள். ஒன்று, பிறகு இன்னொன்று. இருவரும் போன் திரையைப் பார்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் பத்தொன்பது பதினேழானது. அம்புக்குறி கீழ்நோக்கித் திரும்பியது.

“நான் லூப்லியானாதான் போக இருந்தேன்” என்றாள் ஹிமேனா அப்போது. “நீ எப்படியும் அங்கதானே வருவேன்னு. ஜெசெனீட்செல வண்டி நிக்குது, நான் இறங்கவே இல்லை. உன் போன் டிங்குன்னுது. கதவு மூடுற நேரம். உன் மூட்டையை முதல்ல வெளிய எறிஞ்சேன், பின்னாடியே நான் குதிச்சேன். உன் போன் பூட்டியிருந்துது, பதில் போட முடியலை.”

“நீ வரலைன்னா?”

“வராம என்ன பண்ணுவேன்? நகர மாட்டேன்னு ரெண்டு தடவை எழுதியிருந்தே. ஒரு தடவை எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். ஒன்பது நாள்ல நீ ஒரு இடத்துல சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.”

டெல்ஃபின் சிரிக்க முயன்று அழுதாள். விடுதிக்காரர்கள் செய்யாத காரியம். ஹிமேனா வாத்துப் புட்டியை அவள் கையில் கொடுத்தாள். பிறகு சொன்னாள், “எனக்கும் பயம்தான். சுரங்கத்துல அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு, நீ எங்கயோ விழுந்து கிடக்கிற மாதிரியே தோணுது. இனிமே யார் கூடவும் ஒரே பையில வைக்காதே.”

நாலரைக்கு ஹிமேனாவின் உள்ளூர் வண்டி. டெல்ஃபினுக்கு ஏழு மணி வண்டி. ஹிமேனா அவளோடு ஏழு வரை இருப்பதாகச் சொன்னாள். திருநாளன்று சீக்கிரம் பூட்டுவார்கள், அப்படி இருந்தால் அவள் போய்ச் சேர்வதற்குள் க்ளாகன்ஃபர்ட் விடுதியின் கதவு மூடிவிடும். டெல்ஃபின் வேண்டாம் என்றாள். அளவு பதினான்கு. இறங்கிக்கொண்டிருந்தது.

நீலப் பையை டெல்ஃபின் சட்டைக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொண்டாள். பரிசோதகர் எழுதிய சீட்டைப் படமெடுத்து, பூட்டிய திரையிலேயே தெரியும்படி வைத்தாள். அடுத்த கட்டிலில் படுப்பவர் யாராக இருந்தாலும், அவள் விழுந்து கிடந்தால் முதலில் போனைத்தான் எடுப்பார். அதன் கீழே ஹிமேனாவின் எண்ணையும் சேர்த்தாள். பிறகு இருவரும் ஒன்றை முடிவு செய்து, அறை நண்பர்கள் ஆறு பேரும் இருக்கிற குழுவுக்கும் எழுதி அனுப்பினார்கள். பயணத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தவறவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் தேடக் கூடாது. மருந்து வேண்டியவர், இருவரும் கடைசியாகச் சேர்ந்திருந்த ஸ்டேஷனுக்குப் போய், கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து, நகராமல் இருக்க வேண்டும். மற்றவர் அங்கே வர வேண்டும்.